லீவு நாளில் ஓடிய ட்ரம்

வேலூர்
3 செப்டம்பர் 2025

திருமதி ஹேமலதா அவர்களுக்கு,

முனிரத்தினத்தின் ஜாமீன் மனுவை அமர்வு நீதிமன்றம் நேற்று மூன்றாவது முறையாகத் தள்ளுபடி செய்தது. உத்தரவின் நகலை அவருடைய வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். விசாரணை அதிகாரியின் அறிக்கையைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை என்று அதில் இருக்கிறது. அந்த அதிகாரி நீங்கள்.

பிப்ரவரியில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த வழக்கு இவ்வளவுதான். தவறிருந்தால் திருத்துங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து குடியிருப்புக்குப் போகும் சந்தில், தோல் பதனிடும் யூனிட்களின் பின்சுவரை ஒட்டி மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். குர்ஷித், மெஹக், நந்தினி. மூவரும் ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்கள். மூன்றும் வெள்ளிக்கிழமை, மாலை இருட்டும் நேரம். கழுத்தில் அரை விரல் அகலத்துக்குப் பட்டையின் தடம். பணமும் நகையும் போகவில்லை. நந்தினியின் போன் மட்டும் காணாமல் போனது. அது முனிரத்தினம் விற்ற கடையில் கிடைத்தது. அவர் வேலை பார்த்த தோல் யூனிட்டுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. பிப்ரவரியில் கைதான ஐந்தாம் நாள் அவர் ஒப்புக்கொண்டதாக நீங்கள் அறிவித்தீர்கள்.

நாம் இருவரும் அறிந்து, எந்தப் பத்திரிகையிலும் வராத விவரம் ஒன்று உண்டு. இறந்தவர்களின் செருப்புகள் ஜோடியாக, ஒழுங்காக, உடலிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அதை எழுத வேண்டாம் என்றீர்கள். நான் எழுதவில்லை. மற்ற விஷயத்தில் உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தாலும் இதில் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 17 அன்று ராணிப்பேட்டையில் கஸ்தூரி என்ற பெண் தோல் யூனிட்களுக்குப் பின்னால் கொல்லப்பட்டார். வேறு மாவட்டம், வேறு போலீஸ். கணவரைத்தான் விசாரிக்கிறார்கள். அவருடைய செருப்புகளும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. அன்று முனிரத்தினம் வேலூர் மத்திய சிறையில் இருந்தார்.

உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஜெயசீலன்


பாளையங்கோட்டை
9 செப்டம்பர் 2025

திரு. ஜெயசீலன்,

கவரில் இன்ஸ்பெக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஏப்ரலில் டி.எஸ்.பி. ஆனேன். இப்போது பயிற்சிப் பள்ளியில் இருக்கிறேன். நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவர் சரிபார்த்திருக்கலாம்.

பிளாக் செய்ததற்குக் காரணம் சொல்கிறேன். ஒப்புதல் வாக்குமூலத்தைச் சந்தேகித்து நீங்கள் எழுதிய கட்டுரை வந்த அன்று காலை நந்தினியின் அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தார். "அப்போ இவன் இல்லியா மேடம்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவள் நான். நீங்கள் வேலூரில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முனிரத்தினம் போனைப் பற்றி மூன்று கதை சொன்னான். முதலில் மச்சான் கொடுத்தது. பிறகு பஸ்ஸில் கிடந்தது. கடைசியில் சந்தில் கிடந்தது. கீழே கிடந்த போனை எடுத்தவன் எதற்கு மூன்று கதை சொல்ல வேண்டும்? அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. மூன்று வெள்ளியும் எங்கே இருந்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. அவன் உள்ளே போன பிறகு ஆம்பூரில் ஒரு கொலையும் இல்லை. வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

செருப்பைப் பற்றிக் கேட்டபோது ஓடையில் வீசிவிட்டேன் என்றான். அது வாக்குமூலத்திலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள். குடித்திருந்தவனுக்கு எல்லாம் நினைவிருக்காது. நீதிமன்றம் அதை எடைபோடும்.

ஆகஸ்ட் 17 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே இது வேறு ஆள். செருப்பைக் கழற்றி வைப்பது உலகத்தில் யாரும் செய்யாத காரியமா?

இதற்குமேல் எழுத வேண்டாம். நவம்பரில் நான் சாட்சி சொல்லப் போகிறவள்.

ஹேமலதா

அந்த ஜோடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?


வேலூர்
16 செப்டம்பர் 2025

திருமதி ஹேமலதா அவர்களுக்கு,

பதவியைத் தவறாக எழுதியதற்கு வருந்துகிறேன்.

சுவரைப் பார்த்து. குதிகால் பக்கம் உடலை நோக்கி, விரல் பக்கம் சுவரை நோக்கி. கஸ்தூரியின் உடலைப் படமெடுக்க ராணிப்பேட்டை போலீஸ் அழைத்த ஸ்டுடியோக்காரரிடம் அந்தப் படத்தைப் பார்த்தேன். நகல் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

சனிக்கிழமை ராணிப்பேட்டையில் தங்கி, ஞாயிறு அந்தத் தெருவுக்குப் போனேன். மூலையில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. எனக்கும் கடைக்காரருக்கும் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"இன்னா சார், வழி தவறிட்டியா? இன்னிக்கு இந்தத் தெருவுல நாய் கூட இருக்காது."

"ஏன்?"

"கம்பெனி எல்லாம் லீவு. ஞாயித்துக்கெழமல்ல. நான் தொறந்து வச்சிருக்கறதே வீட்ல சண்ட, அதுக்குத்தான்."

"ஆம்பூரில் வெள்ளிக்கிழமையாமே?"

"அங்க பாய்ங்க கம்பெனி ஜாஸ்தி. ஜும்மாவுக்கு உட்ருவாங்க. இங்க ஞாயிறுதான். அந்தப் பொண்ணு வேல பாத்த ஷூ கம்பெனில மட்டும் அன்னிக்கி ஓவர்டைம் போட்டாங்க. ஒண்டியா நடந்து வந்துச்சு, பாவம்."

ஆம்பூரிலும் இப்படித்தான். தோல் யூனிட்டுக்கு வெள்ளி லீவு, ஷூ கம்பெனிக்கு லீவில்லை. சந்து காலியாக இருக்கும் நாளில் பெண்கள் வேலை முடிந்து அதன் வழியாக வருவார்கள். ஆம்பூரின் வெள்ளியும் ராணிப்பேட்டையின் ஞாயிறும் ஒரே நாள்தான். தோல் யூனிட்டின் லீவு நாள்.

திரும்பும் வழியில் ஜெயம்மாளைப் பார்த்தேன். முனிரத்தினத்தின் மனைவி. வீட்டில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார். ஆம்பூர் ஏஜென்ட் கணவரின் பேரைச் சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். இப்போது பேரணாம்பட்டு ஏஜென்டிடம் அம்மாவின் பேரைச் சொல்லி வாங்கி வருகிறார்.

"மறுபடியும் பேப்பர்ல போடப் போறியா சார்? போட்டா போன தடவ மாதிரி மூஞ்சி கருப்பா விழாம போடு" என்றார். பிறகு ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "நவம்பர்ல ஜட்ஜு கேட்டா நான்தான்னு சொல்லிடப் போறாராம். 'இழுத்துக்கினே போவுது, ஒத்துக்கினா முடிஞ்சிடும், நீ மட்டும் வந்து வந்து பேஜார் படாத'ன்றாரு. நான் இன்னா சொல்றது சார்? செய்யாத கொலையச் செஞ்சேன்னு சொல்றதுக்கு ஒரு ஆம்பளைக்கு எவ்ளோ அலுத்துப் போயிருக்கணும்?"

போனைப் பற்றி ஏன் மூன்று கதை என்றும் கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மூடிய யூனிட்களின் பின்னால் தோல் வெட்டுத்துண்டு பொறுக்கி விற்பாராம். அது தெரிந்தால் வேலை போகும். அதனால் சந்தில் இருந்ததாகச் சொல்லப் பயந்திருக்கிறார். இது ஜெயம்மாள் சொன்னது. சரிபார்க்க வழியில்லை.

ஜெயசீலன்


பாளையங்கோட்டை
22 செப்டம்பர் 2025

திரு. ஜெயசீலன்,

இனி எழுதுவதை நீங்கள் அச்சிடக் கூடாது. ஒப்புக்கொண்டால் மேலே படியுங்கள்.

செருப்பின் திசையை ஆம்பூர் வழக்கில் எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. பார்வை மகஜரில் "ஜோடியாக" என்று மட்டும் இருக்கிறது. திசை எனக்கும் போட்டோ எடுத்த கான்ஸ்டபிளுக்கும் தெரியும். உங்களுக்கே தெரியாது. நான் உங்களைச் சோதிக்கத்தான் கேட்டேன். மூன்றும் சுவரைப் பார்த்துத்தான் இருந்தன.

இதனால் முனிரத்தினம் குற்றமற்றவன் என்று ஆகிவிடாது. ஆனால் ராணிப்பேட்டையை ஒதுக்கவும் முடியாது.

அதிகாரி என்ற முறையில் யோசிக்கிறேன். ஆம்பூரில் வெள்ளி லீவு உள்ள யூனிட்டில் வேலை பார்த்தவன் ஒருவன், பிப்ரவரிக்குப் பிறகு ராணிப்பேட்டையில் ஞாயிறு லீவு உள்ள யூனிட்டுக்கு மாறியிருக்க வேண்டும். அப்படி மாறியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். கொலை நடந்த சந்தின் பக்கமுள்ள பெரிய யூனிட் வக்கார் அகமதுவுடையது. ஏற்றுமதி ஆர்டர் கம்மியானதால் கோடையில் மூடினார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டால் அது மறுவிசாரணை. நீங்கள் கேட்டால் அது பத்திரிகைக்காரரின் வழக்கமான தொல்லை.

பெயர்களை எனக்கு அனுப்புங்கள். வேறு யாருக்கும் வேண்டாம்.

ஹேமலதா


வேலூர்
29 செப்டம்பர் 2025

டி.எஸ்.பி. அவர்களுக்கு,

அச்சிட மாட்டேன்.

வக்கார் அகமதுவின் யூனிட்டிலிருந்து ராணிப்பேட்டைக்கு மாறியவர்கள் நான்கு பேர். நான்கு பேரையும் பார்த்தேன். ஒருவர் நந்தினி இறந்த வாரம் குடியாத்தம் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் செய்து படுத்திருந்தார், தழும்பைக் காட்டினார். இருவர் அண்ணன் தம்பி. குர்ஷித் இறந்த அன்று தங்கையின் நிச்சயதார்த்தத்தில் இருந்தார்கள், வீடியோவைப் பார்த்தேன், அண்ணன் பிரியாணி அண்டாவை விட்டு நகரவே இல்லை. நான்காமவருக்கு ஒரு கை தோளுக்குமேல் தூக்க வராது. பெயர்களை எழுதவில்லை. எழுதி என்ன பயன்?

ஆம்பூர் சந்துக்கும் ஒருமுறை போய் நடந்து பார்த்தேன். யூனிட் பூட்டிக் கிடக்கிறது. வாட்ச்மேன் சத்தார் மட்டும் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தனிப்படை தன்னிடம் இரண்டு தடவை வாக்குமூலம் வாங்கியதாகச் சொன்னார். கொலை நடந்த மூன்று நாளும் வெளியாள் யாரும் வரவில்லை என்று அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறார்.

ஜெயம்மாள் சென்ற வாரம் சிறைக்குப் போனபோது முனிரத்தினம் பார்வையாளர் அறைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஜெயம்மாள் கொண்டுபோன பழத்தைத் திரும்ப எடுத்து வந்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கொடுத்ததாகச் சொன்னார்.

என்னிடம் இப்போதைக்கு வேறு ஒன்றும் இல்லை.

ஜெயசீலன்


பாளையங்கோட்டை
3 அக்டோபர் 2025

ஜெயசீலன் சார்,

நேற்று முன்தினம் ஆயுத பூஜை. பள்ளி முழுவதும் லீவு. பயிற்சிப் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜீப்புக்கும் துப்பாக்கிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து, பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. நான் குவார்ட்டர்ஸில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. கரன்ட் இருக்கிறது, எதற்கு ஜெனரேட்டர் என்று போய்ப் பார்த்தேன். அறையில் ஆள் இல்லை. ஜெனரேட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கையில் டீ டம்ளருடன் கேட் பக்கமிருந்து வந்தார்.

"யாருங்க நீங்க? இன்னைக்கு லீவாச்சே?"

"சர்வீஸ் மேடம். ஆயில் மாத்திட்டு ஓட விட்ருக்கேன். அரை மணி ஓடணும். சும்மா நின்னு என்ன செய்ய, டீ குடிச்சிட்டு வந்தேன்."

"லீவு நாள்லயா?"

"லீவு நாள்லதான மேடம் எங்களுக்கு வேலை. மத்த நாள்ல மெஷினை நிறுத்த விட மாட்டீங்களே."

டம்ளர் சூடாக இருந்ததால் கைமாற்றிக்கொண்டே சொன்னார். சாதாரணமான பேச்சு.

நான் கேட் பதிவைப் பார்த்தேன். அன்று வந்தவர்கள் என்று ஒரு பெயரும் இல்லை. சென்ட்ரி கான்ஸ்டபிளைக் கேட்டேன். "அவர் எப்பவும் வர்றவர்தானே மேடம்" என்றாள்.

நானும் நீங்களும் தனிப்படையும் அந்த ஊர் முழுவதும் வெள்ளிக்கிழமை என்றதும் லீவில் இருப்பவனைத் தேடினோம். ஆம்பூரில் வெள்ளி என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வெள்ளிக்கிழமை வேலைக்கு வருகிறவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சத்தார் பாயிடம் மறுபடி போங்கள். வெளியாள் வந்தாரா என்று கேட்க வேண்டாம். அன்று உள்ளே என்ன ஓடியது என்று கேளுங்கள்.

ஹேமலதா


வேலூர்
11 அக்டோபர் 2025

ஹேமலதா மேடம்,

நேற்று சத்தாரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பேச்சை நினைவிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலிலேயே குறிப்பெடுத்துவிட்டேன்.

"லீவு நாளில் உள்ளே ஏதாவது ஓடுமா பாய்?"

"இன்னா ஓடும்? ட்ரம்முதான் ஓடும்."

தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுழற்றும் மர உருளையைச் சொல்கிறார். வீட்டு அறை அளவு இருக்கும். உங்களுக்குத் தெரியும்.

"லீவு நாளில் தோல் போடுவார்களா?"

"தோல் எங்க சார்? காலியாதான் ஓடும். ஃபிட்டர் வருவாரு. பேரிங்குக்கு கிரீஸ் வச்சி, பெல்ட்டு மாத்தி, பலகை லூசா இருந்தா முடுக்கி, ஓட உட்டுப் பாப்பாரு."

"அந்த மூன்று வெள்ளியும் வந்தாரா?"

"வாரா வாரம் வர்றவரு சார். கறி சோறு கொண்டாந்தா எனக்கும் ஒரு கை வைப்பாரு. நல்ல மனுஷன்."

"போலீஸிடம் சொல்லவில்லையே?"

"அரே, அவங்க வெளியாள் வந்தானான்னு கேட்டாங்க. ஃபிட்டரு வெளியாளா? அதுவுமில்லாம அவரு எங்கியும் போவல. சாயந்தரம் முச்சூடும் ட்ரம்மு ஓடிக்கினே இருந்துச்சு. சத்தம் இங்க கேட்டுக்கினே இருக்கும். ஆள் இல்லாம யாரு ஓட்டுவா?"

 அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்குள் பார்த்தார். "ஸ்விட்சு போட்டா அது பாட்டுக்கு ஓடும்" என்றார்.  நான் கிளம்பும்போது, பின்பக்கம் ஓடைக்குத் திறக்கும் சின்னக் கதவு ஒன்று உண்டு என்றும் உள்தாழ்ப்பாள்தான், பூட்டு இல்லை என்றும் சொன்னார்.

யூனிட் மூடிய பிறகு ஃபிட்டர் ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டைப் பக்கம் சர்வீஸ் செய்வதாக வக்கார் அகமது போனில் உறுதி செய்தார். கஸ்தூரி இறந்த தெருவிலும் ஒரு யூனிட் அந்த ஃபிட்டரின் பொறுப்பு. அங்கே ஞாயிறுதோறும் வருகிறார்.

பட்டையின் தடத்தைப் பற்றி யோசித்தேன். ஆம்பூரில் பட்டை என்றதும் எல்லோரும் தோல் வார் என்றே நினைத்தோம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்படி இல்லை. நார் பின்னலின் பதிவு தெரிகிறது என்று ஒரு வரி இருக்கிறது. தேய்ந்த மெஷின் பெல்ட்டுக்குள் நார்ப் பின்னல் இருக்கும்.

ஃபிட்டரின் பெயர் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. ஒருவருடைய பெயரை முன்கூட்டியே எழுதினால் என்ன ஆகும் என்பதை ஜெயம்மாள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முத்திரையிட்ட தனிக் கவரில் இணைத்துள்ளேன்.

இனி இதை நான் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜெயசீலன்


ஆம்பூர், ரயில்வே ஸ்டேஷன்
25 அக்டோபர் 2025

ஜெயசீலன் சார்,

வண்டி தாமதம். அதனால் இங்கிருந்தே எழுதுகிறேன்.

விடுப்பு எடுத்து வந்தேன். இப்போதைய இன்ஸ்பெக்டர் வாஹித் பாஷாவிடம் முதலில் போனேன். எனக்குக் கீழே எஸ்.ஐ.யாக இருந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மேடம், இது உங்க கேஸு. நீங்களே உடைச்சா உங்க மேலதான் விழும்" என்றார். விழட்டும் என்றேன். "விழறது உங்க மேல மட்டும்னா பரவால்ல, நானும் அந்த டீம்லதான் இருந்தேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் நேற்று என்னுடன் வந்தார்.

வக்கார் அகமது மின் இணைப்பைக் கொடுக்கச் சொன்னார். சத்தார் பாயை வழக்கமான நாற்காலியில் உட்காரச் சொன்னோம். ஒரு எலக்ட்ரீஷியன் ட்ரம்மை ஓடவிட்டார். மாதக்கணக்கில் நின்ற ட்ரம் முதலில் முனகியது. பிறகு சீராக ஓடியது. நான் பின்கதவு வழியாக ஓடை ஓரமாகச் சந்துக்கு நடந்தேன். நந்தினி கிடந்த இடத்தில் நின்றேன். அங்கேயும் ட்ரம் சத்தம் கேட்டது. கத்தினால்கூடத் தெருவுக்குக் கேட்டிருக்காது என்று அப்போது புரிந்தது. அதே வழியில் திரும்பி வந்து முன்பக்கமாக வெளியே வந்தேன்.

"நான் எங்கே இருந்தேன் பாய்?"

"உள்ளதான் மேடம். ட்ரம்மு ஓடிக்கினு இருந்துச்சே."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து நின்றுவிட்டார். வாஹித் பாஷா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அவரு குடுத்த சோத்தத் தின்னேன் மேடம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நேற்று மாலையே மாவட்டக் கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் அறிக்கை கொடுத்தேன். மேல்விசாரணை கோரி. என் குற்றப்பத்திரிகையின் எந்தெந்தப் பகுதியை இனி நான் ஆதரிக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு மெமோ இன்று காலை வாட்ஸ்அப்பில் வந்தது. அனுமதியின்றி வேறு எல்லையில் விசாரணை செய்ததற்கு விளக்கம் கேட்டு. சரியான மெமோதான். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கஸ்தூரியின் நகத்தில் ஆண் ஒருவரின் தோல் துணுக்கு கிடைத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஆம்பூர் மூன்றிலும் எதுவும் கிடைக்கவில்லை. இதை ஃபிட்டரின் ரத்த மாதிரியோடு பொருத்திப் பார்த்தால் போதும்.

நந்தினியின் அப்பாவைப் பார்க்கப் போனேன். வாசலில் செருப்பை விடும்போது எந்தப் பக்கம் பார்த்து விடுகிறேன் என்று நானே கவனித்தேன். உள்ளே போகவில்லை. ரிப்போர்ட் வரட்டும் என்று திரும்பிவிட்டேன். இந்த முறை அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டும்.

ஜெயம்மாளிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் முனிரத்தினம் நவம்பரில் வாய் திறக்கக் கூடாது. அதை எப்படிச் சொல்வீர்களோ தெரியாது.

வண்டி வந்துவிட்டது.

ஹேமலதா


வேலூர்
8 நவம்பர் 2025

ஹேமலதா மேடம்,

ரத்த மாதிரிகள் சென்னை தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று இன்ஸ்பெக்டர் வாஹித் பாஷா இன்று காலை உறுதி செய்தார். ஆய்வகத்தின் ஒப்புகைச் சீட்டை எனக்குக் காட்டினார். உங்கள் அறிக்கை ஏற்கப்பட்டு மேல்விசாரணைக்கு உத்தரவாகிவிட்டது. இரண்டு மாவட்ட வழக்குகளையும் சேர்த்து ஒரே அதிகாரி பார்க்கிறார். கஸ்தூரியின் கணவரை இப்போது தொந்தரவு செய்வதில்லை.

மாதிரி கொடுத்தவர்கள் ஏழு பேர். லீவு நாளில் அந்த யூனிட்களுக்கு வேலைக்கு வருகிற எல்லோரும். ஃபிட்டரை மட்டும் தனியாகக் கூப்பிட வேண்டாம் என்று அப்படிச் செய்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தேன். அறை வாசலில் செருப்புகள் கிடந்தன. இரண்டு ஜோடி ஒழுங்காக, சுவரைப் பார்த்து இருந்தன. எது யாருடையது என்று பார்க்க நின்றேன். ஒருவர் பெட்ரோல் பம்ப் போர்டு எழுதுகிறவர், லீவு நாளில் யூனிட் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். இன்னொருவர் பாய்லர் பார்க்கும் பெரியவர். ஃபிட்டர் ஷூ போட்டிருந்தார், கழற்றவே இல்லை. ஆகவே அதில் ஒன்றும் இல்லை.

அவரை முதன்முறையாக அன்றுதான் அருகில் பார்த்தேன். சராசரி உயரம். நகத்தில் கிரீஸ் கறை. வெளியே வந்து பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கான்ஸ்டபிளிடம், "ரிப்போர்ட் எப்போ சார் வரும்? ஞாயித்துக்கெழம வேல இருக்குது, வரச் சொல்லிடப் போறீங்க" என்றார். மற்ற ஆறு பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

அவரைக் காவலில் வைக்க இப்போதைக்கு ஆதாரம் போதாது என்கிறார் புதிய அதிகாரி. ஒருமுறை அவசரப்பட்டதன் விளைவு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சரியென்றே தோன்றுகிறது. ஆனால் கஸ்தூரியின் தெருவில் நடக்கும் பெண்களிடம் அதைச் சரியென்று என்னால் சொல்ல முடியாது.

முனிரத்தினத்தை வழக்கறிஞருடன் போய்ப் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். நான் அவரிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதி நீதிபதி என்ன கேட்டாலும் வக்கீலைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். "ஏன் சார், புதுசா எதுனா இருக்குதா?" என்றார். இருக்கலாம், உறுதியில்லை என்றேன். "உறுதியில்லன்னு எங்கிட்ட சொன்ன மொத ஆளு நீதான் சார்" என்றார். அடுத்த பார்வையாளர் நாளில் ஜெயம்மாள் போனபோது வெளியே வந்து பார்த்திருக்கிறார். கொண்டுபோன பழத்தைச் சாப்பிட்டாராம். பேரணாம்பட்டு ஏஜென்டிடம் இனி உண்மைப் பேரைச் சொல்லிவிடலாமா என்று ஜெயம்மாள் என்னைக் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

நிலுவையில் இருப்பவை. ஆய்வக அறிக்கை பத்தாம் தேதி, திங்கள் மாலைக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்காவது ஜாமீன் மனு பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது. உங்கள் சாட்சியமும் அன்றே. மெமோவுக்கு நீங்கள் கொடுத்த விளக்கத்தின்மீது இன்னும் முடிவு வரவில்லை.

நாளை ஞாயிறு. ராணிப்பேட்டை யூனிட்டுக்கு லீவு. ஷூ கம்பெனியில் ஓவர்டைம் உண்டு. ஃபிட்டர் வழக்கம்போல் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வேண்டாம் என்று சொன்னால் சந்தேகப்படுவார் என்று விட்டுவிட்டார்கள். பெண் போலீஸ் இருவர் கம்பெனி யூனிபார்மில் அந்தத் தெருவில் நடப்பார்கள். நான் டீக்கடையில் இருப்பேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நாளை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அங்குள்ள வாட்ச்மேனிடம் பேச சத்தாரையே அழைத்துப் போனேன். விவரம் சொல்லக் கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சத்தார் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்: "ட்ரம்மு ஓடற சத்தம் கேட்டா போதாது பாய். எழுந்து போ. உள்ள ஆள் நிக்கிறாரான்னு கண்ணால பாரு. மறுபடி வந்து குந்து. மறுபடி போய்ப் பாரு."

ஜெயசீலன்